குழந்தை யாருடையது?

அண்மையில் ஒரு பௌர்ணமி நாளன்று, சங்கக் கூட்டம் முடிந்து அன்பர்கள் கலைந்த பின்னர், ஓர் உபாசகரும் அவர்தம் மனைவியாரும் தனித்து வந்து என்னிடம் ஒரு யோசனை கேட்டனர். மணமாகிப் பதினோர் ஆண்டுகள் சென்றும் மகப்பேறு வாய்க்காதவர்கள். ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஆயா அவர்களிடம் ஒரு செய்தி சொல்லியிருக்கிறாள். மணமாகாத பெண்ணொருத்திக்கு இன்னும் இரண்டு வாரத்தில் பிரசவம். அவளுக்குக் குழந்தை வேண்டாம். ஒரு தொகை கொடுத்துவிட்டால் பிறந்த அன்றே எடுத்து வந்துவிடலாம். பிறப்புச் சான்றிதழிலேயே இவர்களைத் தாய் தந்தையராக எழுதிவிடலாம். கோர்ட்டும் இல்லை, காத்திருப்பும் இல்லை. இதுவே செய்தி.

“ஐயா! இதில் பாவம் உண்டோ? பெற்றவள் வேண்டாம் என்கிறாள். நாங்கள் வேண்டும் என்கிறோம். குழந்தைக்கு ஒரு வாழ்வு கிடைக்கிறது. மூவருக்கும் நன்மைதானே?” என்று அவர் கேட்டார். சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “அந்தப் பெண் என்ன வகுப்பு என்று மட்டும் தெரிந்தால் போதும்” என்றும் சொன்னார்.

உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. மூன்று நாள் தவணை கேட்டேன். அந்த மூன்று நாளில் சிந்தித்ததையும் அவர்களிடம் கூறியதையுமே ஈண்டு எழுதுகிறேன். இக்கேள்வி அவ்விருவருடையது மட்டுமன்று. பிள்ளையில்லாத வீடுகளும், பிள்ளையை வளர்க்க வழியில்லாத வீடுகளும் நம்மிடையே அடுத்தடுத்த தெருக்களில் இருக்கின்றன. இரண்டிற்கும் இடையே ஒரு தரகன் நுழைவது எங்கும் நடப்பதே.

பிண்டமும் பிள்ளையும்

பிள்ளையை ஏன் தத்தெடுக்க வேண்டும்? இந்த வினாவிலிருந்தே தொடங்குதல் முறையாகும்.

பழைய சாஸ்திர வழக்கில் சுவீகாரம் என்பது மூதாதையர்க்குப் பிண்டம் இடவும் குலம் அறாதிருக்கவும் ஏற்பட்டது. ஆதலின் ஆண்பிள்ளையே தத்துக்கு உரியவன்; அவனும் எடுப்பவரின் சாதியைச் சேர்ந்தவனாய் இருத்தல் வேண்டும். பெண்குழந்தைக்கு அங்கே இடமில்லை. சுருங்கச் சொன்னால், பிள்ளை பெற்றோரின் பொருட்டு எடுக்கப்பட்டதே அன்றிப் பிள்ளையின் பொருட்டுப் பெற்றோர் வந்தாரில்லை.

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் பௌத்தம் தழுவி, தம்மைப் பின்பற்றியோர்க்கு அளித்த 22 உறுதிமொழிகளுள், சிராத்தம் செய்யேன், பிண்டம் இடேன் என்பதும் ஒன்று. நாம் அதனை ஏற்றவர்கள். எனவே பழைய சுவீகாரத்தின் காரணம் நமக்கு வேரோடு அற்றுப்போயிற்று. பிண்டத்திற்காகப் பிள்ளை தேட வேண்டிய தேவை ஒரு பௌத்தனுக்கு இல்லை. அவன் ஒரு குழந்தையை எடுப்பானாயின், அஃது அக்குழந்தையின் பொருட்டாகவே இருத்தல் வேண்டும். நம் ஆராய்ச்சிக்கு இதுவே அடிப்படை.

சட்டமும் அதே காலத்தில் மாறியது. சட்ட அமைச்சராய் இருந்து பாபாசாகேப் பாடுபட்ட இந்து சட்டத் தொகுப்பு மசோதா தடைப்பட்டமை, 1951-இல் அவர் பதவி துறந்த காரணங்களுள் தலையாயது. பின்னர் அது நான்கு சட்டங்களாகப் பிரிந்து நிறைவேறியது. அவற்றுள் ஒன்றாகிய இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் 1956 டிசம்பர் 21-இல் வந்தது. அவர் மறைந்து பதினைந்து நாட்களே ஆகியிருந்தன. அச்சட்டம் பௌத்தர், சமணர், சீக்கியர்க்கும் உரியது. அதன்படி பெண்குழந்தையையும் தத்தெடுக்கலாம்; சாதி ஒன்றாய் இருக்க வேண்டுவதில்லை; தத்தஹோமம் வளர்த்தல் கட்டாயமில்லை. மனப்பூர்வமாகக் கொடுத்தலும் ஏற்றலுமே போதும். ஆதலின் நம்மவர் எவரும் புரோகிதரை அழைக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் அச்சட்டம் சில வரம்புகளைத் திட்டமாகக் கூறுகிறது. குழந்தையைக் கொடுக்கும் உரிமை தாய் தந்தையர்க்கே உண்டு. அவர்கள் இல்லாதவிடத்துக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி பெற்றுக் கொடுக்கலாம். பாட்டியோ, மாமனோ, ஆயாவோ, தரகனோ கொடுக்க இயலாது. தத்தினை முன்னிட்டு எவரும் பணம் கொடுத்தலும் வாங்குதலும் குற்றம். முறைப்படி முடிந்த தத்தை எடுத்தவரும் ரத்துச் செய்ய முடியாது. எடுக்கப்பட்ட பிள்ளையும் அதை மறுத்துப் பிறந்த வீட்டிற்குத் திரும்ப முடியாது. உறவினருக்குள்ளும் அறிந்தோர்க்குள்ளும் நேரே பிள்ளை கொடுத்து வாங்குவோர் இவ்வழியில் நடந்து, பத்திரத்தைப் பதிவு செய்து கொள்ளுதல் நன்று. அண்ணன் பிள்ளையைத் தம்பி வளர்த்து, ஒரு தாளும் எழுதாமல் காலங்கடத்திப் பின்னர்ச் சொத்து வழக்கில் அப்பிள்ளை தெருவில் நிற்பதை நாம் கண்டதில்லையா?

கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட, அனாதையாகிய குழந்தைகளுக்கு வேறொரு வழி உண்டு. அஃது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அங்கே மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவே அக்குழந்தைக்குப் பொறுப்பு. தத்தெடுக்க விரும்புவோர் மத்திய ஆணையத்தில் பதிந்து, வீட்டு விசாரணைக்கு உட்பட்டு, முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இவ்வழி எம்மதத்தவர்க்கும் திறந்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவுபடுத்தியது.

கொடுக்கப்படாததை எடுத்தல்

இனி அந்த அன்பரின் கேள்விக்கு வருவோம். “என் எண்ணம் தூயது; சேதனையே கருமம் என்று பகவன் அருளவில்லையா? எண்ணம் நல்லதானால் செயலில் குற்றம் ஏது?” என்று அவர் வாதிக்கக்கூடும். வாதம் வலியதே. ஆயினும் எண்ணம் என்பது நமக்கு வேண்டியதை விரும்புவது மட்டுமா? அறியக் கூடியதை அறிய மறுத்துக் கண்ணை மூடிக்கொள்வதும் எண்ணத்தின் ஒரு பகுதியே அல்லவா?

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலம், கொடுக்கப்படாததை எடாமை. நாம் அதனைத் திருடாமை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மூலத்தின் பொருள் அதனினும் நுண்ணியது. கேட்க வேண்டியது ஒன்றே: உரியவர் மனமுவந்து கொடுத்தாரா?

அந்தப் பெண் கொடுத்தாளா? இன்னும் பிரசவிக்கவில்லை. பிள்ளை முகத்தை அவள் பார்க்கவில்லை. வீட்டார் சினமும் ஊரார் ஏச்சும் கைப்பணமின்மையும் சூழ்ந்து நிற்க, அச்சத்தில் அவள் சொன்ன ஒரு சொல்லை ஆயா நம்மிடம் கொண்டுவந்து விலை பேசுகிறாள். அந்தத் தொகையில் அவள் கைக்கு எவ்வளவு போகும் என்பதும் நமக்குத் தெரியாது. இதனைக் கொடை என்று எங்ஙனம் கூறுவது?

சட்டம் இவ்விடத்தில் நம்மைவிடக் கருணையுடையதாய் இருக்கிறது. தாய் தன் குழந்தையை வளர்க்க இயலாதெனில், குழந்தைகள் நலக் குழுவின் முன் எழுத்து மூலம் ஒப்படைக்கலாம். அவள் பெயர் இரகசியமாகக் காக்கப்படும். ஒப்படைத்த பின்னரும் மறுபடி எண்ணிப் பார்க்க அவளுக்கு 60 நாட்கள் உண்டு. அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பப் பெறலாம். அந்த அறுபது நாளும் கழிந்த பின்னரே அக்குழந்தை தத்துக்கு உரியதென அறிவிக்கப்படும். தம் சக்திக்கு மீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட்ட பெற்றோரைத் தண்டிக்கலாகாதென்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆயாவின் வழியிலோ அந்த அறுபது நாளில் ஒரு நாளும் அவளுக்கு இல்லை. பால் சுரந்து மார்பு கனக்கும் வேளையில் மனம் திரும்பினால், அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

வறுமையே காரணமாயின், பிள்ளையைப் பிரித்தெடுப்பது உதவியா, பிள்ளையோடு இருக்க வழி செய்வது உதவியா? குழந்தையை அதன் குடும்பத்திலேயே காத்தல் முதற்கடமை; இல்லத்தில் வைத்தல் வேறு வழியே இல்லாதபோது செய்வது. இச்சட்டத்தின் கோட்பாடு இதுவே. வறிய தாய்மார் தம் பிள்ளையைத் தாமே வளர்க்கும் பொருட்டு, மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதியுதவி வகுத்துள்ளன. இதனை அறிந்தோர் நம்மில் எத்துணைப் பேர்? அறிந்து, ஒரு விதவைக்கோ கைவிடப்பட்ட பெண்ணுக்கோ மனு எழுதிக் கொடுத்தோர் எத்துணைப் பேர்?

பொய்யின்மேல் கட்டிய தொட்டில்

நான்காம் சீலம் பொய்யாமை. பிறப்புச் சான்றிதழில் பெறாதவளைத் தாயென்று எழுதுவது, ஒரு குழந்தை உலகிற்கு வந்தவுடன் அதன்மேல் பொறிக்கப்படும் முதற்பொய். அப்பொய்யைக் காக்க வாழ்நாள் முழுதும் வேறு பொய்களைச் சொல்ல வேண்டும். ஆயா மீண்டும் பணம் கேட்டு வருவாள். அண்டை வீட்டார் சினத்தில் ஒரு சொல் எறிவர். இரத்த வகை ஒன்று போதும், உண்மை வெளிப்பட. அன்று அப்பிள்ளை இழப்பது பெற்றவளை மட்டுமா? வளர்த்தவரின் வாய்மையையும் இழக்கிறது.

சீவகனின் வரலாற்றை அன்பர்கள் அறிவர். இராசகிருகத்துக் கணிகை சாலவதி பெற்ற ஆண்மகவு முறத்தில் இடப்பட்டுக் குப்பைமேட்டில் எறியப்பட்டது. காகங்கள் சூழக் கிடந்த அக்குழந்தையை அவ்வழிச் சென்ற அபய இளவரசன் கண்டு, உயிரோடிருக்கிறதா எனக் கேட்டு, எடுத்து வளர்த்தான். உயிரோடிருக்கிறது என்ற அந்த விடையே சீவகன் என்னும் பெயராயிற்று. வளர்ந்த சீவகன் ஒருநாள், என் தாய் யார், தந்தை யார் என்று வினவினான். அபயன் கதை கட்டவில்லை. உன் தாயை நான் அறியேன். ஆனால் உன்னை வளர்ப்பித்தவன் ஆதலின் நானே உன் தந்தை என்று கூறினான். அறியாததை அறியேன் என்றும், தனக்குரியதைத் தனதென்றும் சொன்ன விடை அது. அவ்வுண்மையைத் தாங்கிக்கொண்ட சீவகன் தக்கசீலம் சென்று மருத்துவம் பயின்று, பின்னர்ப் பகவனுக்கும் சங்கத்திற்கும் மருத்துவனானான்.

வளர்ப்புப் பிள்ளைக்கு உண்மையை எப்போது சொல்வது என்று பலர் கலங்குகின்றனர். விவரம் அறியாப் பருவத்திலேயே, கதை சொல்வதுபோல, அன்போடு சொல்லத் தொடங்க வேண்டும். அவ்வாறாயின், திடுக்கிட்டு அறிய வேண்டிய ஒருநாள் அப்பிள்ளைக்கு வருவதில்லை. முறைப்படி தத்தெடுக்கப்பட்டவர்க்குத் தம் வேரைத் தேடிக் கேட்கும் வழியும் இன்றைய விதிகளில் உண்டு. தரகன் கைவழி வந்த பிள்ளைக்கோ தேடுவதற்கு ஒரு தாளும் இல்லை.

பிறப்பைக் கேட்கும் வாய்

இனி, அந்த அன்பர் தாழ்ந்த குரலில் கேட்டதற்கு வருகிறேன். இக்கட்டுரையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுவே.

நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாறு உள்ளது. வாரணாசியிலிருந்து குமரித்துறை நோக்கி வந்த சாலி என்னும் பார்ப்பனி, வழியில் பெற்ற மகவை ஒரு தோட்டத்தில் இட்டுச் சென்றாள். பசுவொன்று ஏழுநாள் பாலூட்டிக் காத்தது. அழுகுரல் கேட்டு வந்த இளம்பூதி என்னும் அந்தணன் இரக்கத்தோடு எடுத்துத் தன் மகனாக வளர்த்து, வேதமும் கற்பித்தான். பிள்ளை வளர்ந்தான். ஒருநாள் வேள்விச்சாலையில் கொல்லக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிட்டான். அந்தணர் சினந்தனர். அவனுடைய செயலுக்கு விடை கூறமாட்டாதவர்கள், அவன் பிறப்பைக் கையில் எடுத்தனர். அவர்களுள் ஒருவன் சாலியின் கதையைச் சொன்னான். ஊர் அவனை ஒதுக்கியது. எடுத்து வளர்த்த இளம்பூதியும் அவனைக் கைவிட்டான். பிச்சைப் பாத்திரத்தில் கல்லிட்டனர் ஊரார்.

இந்தக் கதையில் கொடியவர் யார் என்று கேட்டால் நாம் உடனே வேள்விக்காரரைச் சுட்டுவோம். நான் இளம்பூதியை எண்ணிப் பார்க்கிறேன். அவன் தீயவன் அல்லன். அழும் குழவியைக் கண்டு இரங்கியவன். அன்போடு வளர்த்தவன். ஆனால் அவன் ஏற்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டிருந்தது. அந்நிபந்தனை அவனுக்கே தெரியாது. பிறப்பு வெளிப்பட்ட நாளில் அது வெளிப்பட்டது. அவ்வளவு நாளும் ஊட்டிய சோறும் கற்பித்த கல்வியும் ஒரு சொல்லில் அற்றுப்போயின.

என்ன வகுப்பு என்று கேட்கும் வாயில் இளம்பூதி இருக்கிறான். அன்பர்களே! பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாவதில்லை என்னும் தம்மத்தை நாம் நூலில் படித்துத் தழுவியவர் அல்லர். நம் பாட்டன்மாரின் முதுகில் பட்ட அடியில் கற்றுத் தழுவியவர். பிறப்பைக் கேட்டு நம்மைத் தெருவில் நிறுத்தியவர்களை விட்டு வெளியேறிய நாம், ஒரு பச்சிளங்குழந்தையை வாசலில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்பதா? கேட்டவர் கெட்ட எண்ணத்தால் கேட்கவில்லை என்பதை அறிவேன். உறவினர் என்ன சொல்வார்களோ, நாளை பெண் கொடுப்பார்களோ என்னும் அச்சமே அவரைக் கேட்க வைத்தது. அச்சம் உண்மையானதே. ஆனால் நம் மதமாற்றம் மேடையில் நடந்ததா, மனத்தில் நடந்ததா என்பது தொட்டிலின் அருகில் தெரிந்துவிடும்.

முறைப்படி முடிந்த தத்தை ரத்துச் செய்ய முடியாதென்ற 1956-ஆம் ஆண்டுச் சட்டவிதியை நான் இளம்பூதிக்கு இடப்பட்ட வேலியாகவே காண்கிறேன். எடுத்தவர் மனம் மாறினாலும் பிள்ளை பிள்ளையே.

காத்திருக்கும் மூத்த பிள்ளைகள்

எதிர்வாதத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். முறையான வழி நெடியது. பதிந்துவிட்டு மூன்றாண்டுக்கு மேலும் காத்திருப்போர் பலர். கேட்போர் பல்லாயிரவர், சட்டப்படி தத்துக்கு உரியதென அறிவிக்கப்பட்ட குழந்தைகளோ குறைவு. 2024-25-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இவ்வழியில் தத்தானவர் 4,500-க்குச் சற்று மேற்பட்டோரே. பெற்றோரின் வயதுக்கும் வரம்பு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்கும் தம்பதியரின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேற்படலாகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வாயில் அடைபடுகிறது. பிள்ளைக்காக ஏங்கும் ஒரு பெண்ணிடம் பொறு என்று சொல்வது எளிதன்று. இத்தாமதத்தைக் குறைக்க அரசை வற்புறுத்துவது நம் கடமையே.

ஆயினும் அந்த வரிசையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எல்லோரும் கேட்பது கைக்குழந்தையை, நோயற்ற குழந்தையை. இல்லங்களில் இருப்பவரோ பெரும்பாலும் ஆறு, எட்டு, பன்னிரண்டு வயதானவர், உடன்பிறந்தாரோடு இருப்பவர், உடற்குறை உள்ளவர். வரிசையின் இருபுறமும் காத்திருப்பு இருக்கிறது. இருவர் பார்வையும் சந்திக்கவில்லை.

இத்தகையோர்க்கென ஒரு வழி உண்டு. நம்மவர் பெரிதும் அறியாத வழி. அதுவே வளர்ப்புப் பராமரிப்பு. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை, குழுவின் ஆணைப்படி, ஒரு குடும்பம் குறித்த காலத்திற்குத் தன் வீட்டில் வளர்ப்பது. பெற்றோர் நோயிலோ சிறையிலோ இருந்து பின்னர்த் திரும்பினால், பிள்ளை அவர்களிடமே செல்லும். எனவே இது சொந்தமாக்கிக் கொள்ளுதல் அன்று, நிழல் கொடுத்தல். 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மணமாகாதவரும், துணையை இழந்தவரும்கூட இதற்கு முன்வரலாம். வேறு ஆதரவற்ற பிள்ளையை ஈராண்டு வளர்த்த பின் தத்தெடுக்கவும் வழியுண்டு. முன்னர் அதற்கு ஐந்தாண்டு வேண்டியிருந்தது.

மகன் என்னுடையவன், செல்வம் என்னுடையது என்று மூடன் வருந்துகிறான் என்பது தம்மபதத்தின் ஒரு கருத்து. தானே தனக்குரியன் அல்லாதபோது பிள்ளை எங்ஙனம் தனதாவான்? துறவிக்குரிய வறட்டு வேதாந்தம் என்று பலர் இதனை ஒதுக்கிவிடுகின்றனர். எனக்கோ வளர்ப்புத் தாய் தந்தையர்க்கு இதனினும் பொருத்தமான உபதேசம் வேறில்லை என்று தோன்றுகிறது. தனதென்று பற்றாமலே முழு அன்பைத் தர முடியும் என்பதற்கு மகாபிரசாபதி கோதமியே சான்று. மாயாதேவி மறைந்த ஏழாம் நாள் முதல் சித்தார்த்தனுக்குப் பாலூட்டி வளர்த்தவர் அவர். பின்னாளில் பெண்டிர்க்குச் சங்கத்தில் இடம் வேண்டி ஆனந்தர் வாதிட்டபோது, அவ்வன்னையின் வளர்ப்புக் கடனையே பகவனுக்கு நினைவூட்டினார்.

காவல்

பிள்ளைக்கு இடம் கொடுத்தால் போதாது. அவ்விடம் அதற்குக் காவலாகவும் இருக்க வேண்டும். பகவனே தம் செயலைத் திருத்திக்கொண்ட வரலாறு ஒன்று விநயத்தில் உண்டு. கபிலவாஸ்துவில் சிறுவன் இராகுலன் துறவு பூண்பிக்கப்பட்டான். முதுமன்னர் சுத்தோதனர் மனம் நொந்து வந்து, மகனைப் பிரிந்த துயர் எலும்பையும் ஊடுருவுவதை எடுத்துக்கூறி, இனி எப்பிள்ளையையும் பெற்றோர் இசைவின்றித் துறவில் சேர்க்கலாகாதென்று வேண்டினார். பகவன் அதனை ஏற்று விதியாக்கினார். சங்கத்தின் நன்மை பெரிதெனினும் அதன் பெயரால் குழந்தையை எடுத்துக்கொள்ளலாகாது என்பது அவ்விதியின் பொருள்.

நல்ல பெயர்ப் பலகை காவலாகாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. பீகாரின் முசாபர்பூரில் அரசு நிதியில் நடந்த ஒரு சிறுமியர் காப்பகத்தில் நிகழ்ந்த கொடுமைகள், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தார் நடத்திய ஆய்வின் மூலம் 2018-இல் வெளிவந்தன. 2020 ஜனவரியில் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. ஆய்வாளர் உள்ளே சென்று, பிள்ளைகளிடம் பேசி, கேட்டதை எழுதியதால்தான் அக்கதவு திறந்தது. ஆதலின் வீட்டு விசாரணைக்கு வரும் அதிகாரி நம்மை ஐயுறுகிறாரே என்று மனம் வெம்புவோர், அவர் நம்மை அவமதிக்க வரவில்லை, பேசத் தெரியாத ஒரு குழந்தையின் சார்பில் வருகிறார் என்று கொள்ள வேண்டும். தத்துக்குப் பின் ஈராண்டு அவர் வந்து பார்ப்பதும் அதன் பொருட்டே.

நம் விகாரைகளும் மாணவர் விடுதிகளும் இதற்கு விலக்கல்ல. ஆதரவற்ற பிள்ளைகளைத் தங்கவைக்கும் எவ்வில்லமும் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். குழந்தைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்ததென்று அறிந்தவர் எவராயினும் போலீசாருக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2012-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது, மறைத்தல் குற்றம். சங்கத்தின் மானம் போய்விடுமே என்று மறைப்பவன், சங்கத்தின் மானத்தை அக்குழந்தையின் உடலால் விலை கொடுத்து வாங்குகிறான்.

விட்டவளே தாய்

மூன்றாம் நாள் அவர்கள் வந்தபோது இவற்றைச் சுருக்கமாகக் கூறினேன். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவலுக்கு உரிய குற்றமென்பதையும், ஆஸ்பத்திரி ஊழியர் செய்தால் தண்டனை ஏழாண்டு வரை செல்லுமென்பதையும் சொன்னேன். அன்பர் தலைகுனிந்து கேட்டார். அம்மையாரோ ஒன்றே கேட்டார்: “ஐயா, நாங்கள் விலகிக்கொள்கிறோம். அந்தக் குழந்தை என்னாகும்? ஆயா வேறொருவரிடம் விற்றுவிடமாட்டாளா?”

அவர் கேட்டதே சரியான கேள்வி. நாம் கைகழுவி விலகினால் நம் சீலம் காக்கப்படலாம், குழந்தை காக்கப்படவில்லை. ஆகவே செய்தியை 1098 என்னும் எண்ணுக்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திற்கோ தெரிவிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒப்படைக்கும் முறையும், அறுபது நாளும், வைத்து வளர்க்க நினைத்தால் கிடைக்கும் உதவியும் உண்டென்று அதிகாரிகள் மூலம் அவளிடம் சேர்ப்பிக்க வேண்டும். “ஆனால் அம்மா, ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். இவ்வாறு செய்தால் அக்குழந்தை உங்களுக்கு வராது. தாயிடமே இருக்கலாம், வரிசையில் முன்நிற்கும் வேறொருவரிடம் போகலாம்” என்றேன்.

அவர் கண்ணீர் விட்டார். நான் அவருக்கு மகோசதனின் சாதகக் கதையை நினைவூட்டினேன். ஒரு குழந்தைக்கு இருவர் தாயென்று வழக்கிட்டனர். மகோசதன் கோடு கிழித்து, குழந்தையை நடுவே கிடத்தி, இருவரையும் இழுக்கச் சொன்னான். குழந்தை வலியால் அழ, ஒருத்தி கையை விட்டுவிட்டு நின்று அழுதாள். விட்டவளே தாயென்று அவன் தீர்த்தான். அக்கதையில் விட்டவளுக்குக் குழந்தை திரும்பக் கிடைத்தது. வாழ்க்கையில் எப்போதும் அவ்வாறு கிடைப்பதில்லை. கிடைக்காதென்று அறிந்தும் விடுபவளைத் தாய் என்னாமல் வேறென்னென்பது?

அடுத்த பௌர்ணமியன்று இருவரும் வந்திருந்தனர். அதிகாரிகளிடம் தெரிவித்துவிட்டதாகவும், தத்தெடுக்கத் தாங்களும் முறைப்படி பதிந்திருப்பதாகவும், கைக்குழந்தை என்று கேளாமல் மூத்த பிள்ளையையும் ஏற்பதாக எழுதியிருப்பதாகவும் அன்பர் கூறினார். அந்தக் குழந்தை என்னாயிற்று என்று நான் கேட்டேன். “அதைச் சொல்ல மாட்டார்களாம் ஐயா, இரகசியமாம். அதுவே நியாயம்” என்றார் அம்மையார். வகுப்பைப் பற்றி இருவரும் பேசவில்லை.

குழந்தை யாருடையது என்று தொடங்கினோம். பெற்றவளுடையதும் அன்று, எடுத்தவருடையதும் அன்று, சாதியுடையதும் சங்கத்துடையதும் அன்று. குழந்தை நம்முடையதன்று, நாமே குழந்தையினுடையவர்கள். சிகாலனுக்குப் பகவன் எடுத்துரைத்த பெற்றோர் கடமைகள் ஐந்து: தீமையினின்று விலக்குதல், நன்மையில் நிறுத்துதல், தொழில் கற்பித்தல், தக்க துணையோடு சேர்த்தல், உரிய காலத்தில் உடைமையை ஒப்படைத்தல். இவ்வைந்தில் ஒன்றிலேனும் பிள்ளையிடமிருந்து பெறுவது எதுவுமில்லை. ஐந்தும் கொடுப்பதே. இக்கொடைக்கு ஆயத்தமான வீடு எதுவோ, அதுவே குழந்தை பிறந்த வீடு.